வாயாடியும் தூங்குமூஞ்சியும்

மார்ச் 4

அத்தைக்கு,

வணக்கம். உங்கள் போன் எண்ணை நான் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். என் மெயிலை நீங்கள் திறப்பதில்லை. ஆகவே தபால்.

நலம் விசாரித்து உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. எனக்குத் தூங்குமூஞ்சி வேண்டும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது டி.என்.ஏ.வை ஒவ்வொரு எழுத்தாக மாற்றி மாற்றி நான் செய்த புரமோட்டர் அது. காற்று படும் இடத்தில் இருக்கும்வரை தனக்குப் பின்னால் நிற்கும் ஜீனை எழுப்பாது. காற்றில்லாத இடத்துக்குப் போனதும் எழுப்பிவிடும். அதனால்தான் அந்தப் பெயர் வைத்தோம். இங்கே வேறு புரமோட்டர்கள் வாங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாம் அரைத் தூக்கம், காற்றிலேயே கசிகின்றன.

எதற்கு என்று கேட்பீர்கள். பிறவியிலேயே ஒரு கோளாறோடு வரும் குழந்தைகள். பால், முட்டை, பருப்பு எது சாப்பிட்டாலும் அதிலிருந்து வரும் ஒரு பொருளை உடைக்க அவர்கள் உடம்புக்குத் தெரியாது. அது தேங்கி மூளையைக் கெடுக்கும். அதைக் குடலிலேயே தின்று தீர்க்கும் பாக்டீரியா ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தின்கிற என்சைமுக்கான ஜீன் என்னிடம் இருக்கிறது. கடைசியில் வைக்கிற நிறுத்தும் துண்டும் இருக்கிறது. முன்னால் வைக்கிற துண்டுதான் இல்லை. குழந்தைகள் மருத்துவமனை ஒன்று சோதனைக்கு ஒத்துக்கொண்டு தேதியும் கேட்கிறது.

இப்படிச் செய்த பாகங்களை எல்லாம் பூட்டி வைத்திருக்கும் பாக அறையின் சாவி உங்களிடம். யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம் என்று விதியே சொல்கிறது. நான் கேட்பது ஒரே ஒரு டியூப். செய்த கை என்னுடையது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மருமகள்


மார்ச் 17

சட்டப்படி மருமகளுக்கு,

செய்த கை உன்னுடையதுதான், யார் இல்லை என்றது? பிப்பெட் என்னுடையது. ஃப்ரீசர் என்னுடையது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற பெண்ணுக்கு ஒதுக்கிக் கொடுத்த மேசை என்னுடையது. அது போதாதென்று நான் பெற்ற பையனையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனாய். இப்போது அதில் ஒரு டியூப் மட்டும் வேண்டுமாம். துணிக்கடையில் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையை மட்டும் கேட்கிற மாதிரி.

அவனைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வாசலைத்தான் பார்க்கிறான். நீ விட்டுப் போன நீலச் செருப்பு அங்கேயே கிடந்தது. யாரும் தொடக்கூடாதாம். நேற்று நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவனுக்குத் தன் கணக்கில் ஒன்று கழிந்துபோனது தெரியவில்லை.

டியூப் தருகிறேன். சும்மா இல்லை.

அவனுக்கு ஒரு கடிதம் எழுது. இனி வரமாட்டேன் என்று எழுது. யோசிக்கிறேன், பார்க்கலாம் என்ற வழவழா கொழகொழா எல்லாம் வேண்டாம். படித்து முடித்தால் அவன் மறுபடி வாசல் பக்கம் தலையைத் திருப்பக் கூடாது. உனக்கென்ன வார்த்தைக்குப் பஞ்சமா? ஒரு நிமிஷம் ஓயாமல் ஜீனைக் கத்தவைக்கிற இன்னொரு புரமோட்டருக்கு வாயாடி என்று உன் பட்டப்பெயரைத்தானே வைத்தார்கள் ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள்.

அவன் படித்த மறுநாள் டியூப் கிளம்பும்.

அத்தை


மார்ச் 29

அத்தைக்கு,

எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவருக்குக் கிடைத்திருக்கும்.

நீங்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்று அதில் இருந்த ஒரு வரியை இங்கே தருகிறேன்: “அந்த வீட்டில் நான் அழுத அறைகள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன, அவற்றில் எதிலாவது நீங்கள் இருந்தீர்களா என்பதுதான் ஞாபகம் இல்லை.” பொய். அவர் இருந்தார். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார், உள்ளே வரத் தைரியம் இருக்காது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரியை அவர் நம்புவார், ஏனென்றால் தன்னைப் பற்றிக் கெட்டதாகச் சொன்னால் அவர் எப்போதும் நம்புவார். அப்படித்தான் அவரை வளர்த்திருக்கிறீர்கள்.

நான் “போட்டது போட்டபடி” போனேன் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் போனேன் என்பதை நீங்கள் மற்றவர்களிடம் வேறு மாதிரி சொல்கிறீர்கள் என்று கேள்வி. ஆகவே ஒருமுறை எழுத்தில் இருக்கட்டும். குழந்தை தங்காமல் போய், நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். வாராந்தரக் கூட்டம். என் வளர்ப்புத் தட்டில் ஒரு பாக்டீரியாக் கொலனிகூட முளைக்கவில்லை என்று காட்டினேன். நீங்கள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவ கைல எதுவும் தங்காது” என்றீர்கள். விஷயம் தெரியாத புதுப் பையன்கள் சிரித்தார்கள். என்னை அழைத்துப் போக வந்த உங்கள் மகன் கதவோரம் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

நான் போனது உங்களால் இல்லை, அத்தை. அந்த வாரால்.

டியூபை அனுப்புங்கள்.

மருமகள்


ஏப்ரல் 8

வாயாடிக்கு,

கெட்டிக்காரி. வேலை சுத்தமாக முடிந்தது.

சமையலறையில் நின்றபடி படித்தான். அடுப்பில் பால். பொங்கி, வழிந்து, அடுப்பு அணைந்து, நாற்றம் வருகிறது. பக்கத்தில்தான் நிற்கிறான், கையை நீட்டவில்லை. நான் ஓடிவந்து மூடினேன். “அம்மா, நீங்க ஏதாவது அவகிட்ட கேட்டீங்களா?” என்றான். “நான் எதுக்குடா அவகிட்ட பேசப்போறேன்” என்றேன். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுப்பைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான்.

இத்தோடு வரும் பெட்டிக்குள் டியூப் இருக்கிறது. பழைய இருப்பிலிருந்து நானே புதிதாக எடுத்தேன், என் கையாலேயே பெயர் எழுதி ஒட்டினேன். ட்ரை ஐஸ் தீர்வதற்குள் எடுத்து ஃப்ரீசரில் வை.

கம்பெனி வேலையில் கை மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். எல்லாப் பாகத்தையும் ஒரே டியூபில் போடு. வெட்டுகிற என்சைம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் நாலு எழுத்து வாலை விட்டு வெட்டும். ஒட்டுகிற என்சைம் எந்த வால் எந்த வாலோடு சேருமோ அதைச் சேர்க்கும். சூட்டிலும் குளிர்ச்சியிலும் மாற்றி மாற்றி வைத்தால் தானாக வரிசையில் வந்து நிற்கும். வால் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும். வருகிற ஆள் எப்படிப்பட்டது என்று விசாரிக்காது. நம் வீட்டில் பெண் எடுத்த மாதிரி.

ஒன்று சொல்ல மறந்தேன். வாசலில் உன் நீலச் செருப்பு அப்படியே கிடக்கிறது. யாரும் தொடக்கூடாதாம் அவனுக்கு. இந்த வாரம் அதை எடுத்துக் குப்பையில் போடப்போகிறேன். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

அத்தை


மே 20

அத்தைக்கு,

கட்டிவிட்டேன். தட்டு முழுக்கக் கொலனி. அதில் ஒன்றை எடுத்து வளர்த்து, காற்றில்லாத பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். அந்தக் குழந்தைகளுக்கு ஆகாத பொருள் ஃபிளாஸ்கில் மதியத்துக்குள் காணாமல் போய்விட்டது. எங்கள் தலைவர் முடிவின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது நெஜமா, இல்ல மெஷின்ல கோளாறா?” என்றார். இரண்டு முறை திரும்பச் செய்தேன். நிஜம்.

தூங்குமூஞ்சியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க அனுப்பவில்லை. இங்கே சீக்வென்சிங்குக்கு வரிசை நீளம், மருத்துவமனையோ அவசரப்படுத்துகிறது. வெட்டி நீளத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. காற்றில் தூங்குகிறதா என்று தனியாகவும் பார்க்கவில்லை, அதைத்தான் வருஷக்கணக்கில் பார்த்தாயிற்றே. மேலே உங்கள் உருண்டைக் கையெழுத்து வேறு. உங்கள் நாக்கைப் பற்றி நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன், உங்கள் லேபிளைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ஒரு அம்மா என் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள். மடியில் ஆறேழு வயதுப் பெண். “எங்க பொண்ணு ஒரு முட்டை முழுசா சாப்பிடுவாளா மேடம்? ஒரே ஒரு தடவ போதும்” என்றாள். நான் இதுவரை யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. “சாப்பிடுவா” என்றேன்.

நன்றி என்று எழுத என் கை மறுக்கிறது. எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஆகஸ்ட் 11

உங்களுக்கு,

அத்தை என்று எழுதப் பிடிக்கவில்லை.

என்ன அனுப்பினீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பீர்கள், ஆகவே நானே சொல்கிறேன். ஃபிளாஸ்கில் வேலை செய்தது, பெரிய தொட்டிக்குப் போனோம். தொட்டியில் காற்றை ஊதி ஊதித்தான் வளர்க்க வேண்டும். அங்கே அது தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. முதல் மணி நேரத்திலிருந்தே என்சைமைச் செய்து தள்ளியது. ஓய்வே இல்லாமல் வேலை செய்த பாக்டீரியா இளைத்தது. எங்கேயோ ஒன்றிரண்டு ஜீனை உடைத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது, சும்மா இருந்ததுதான் கொழுத்துப் பெருகியது. தொட்டியை இறக்கிய அன்று உள்ளே இருந்தது முழுக்கச் சோம்பேறிக் கூட்டம். குழந்தைகளுக்குப் போக வேண்டிய மருந்தில் மருந்தே இல்லை. சாக்கடையில் ஊற்றினோம்.

பிறகுதான் உங்கள் டியூபில் மிச்சம் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். தூங்குமூஞ்சி என்று உருண்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். உள்ளே வாயாடி.

இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டுக்கும் ஒரே வால். நீளத்தில் தெரியாது, ஒட்டும்போதும் தெரியாது. உங்களைத் தவிர வேறு யாருக்கு இது இவ்வளவு நன்றாகத் தெரியும்?

கூட்டத்தில் தலைவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வெளியிலருந்து வந்த பாகத்தை ஏன் படிச்சுப் பாக்கல?” மாமியார் கையெழுத்து என்றா சொல்வேன்? திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனை விலகிக்கொண்டது. முட்டை கேட்ட அந்த அம்மா போன் செய்துகொண்டே இருக்கிறாள். நான் எடுப்பதில்லை.

உங்கள் மகனுக்கு அந்தக் கடிதத்தை எழுத வைத்தீர்கள். எழுதினேன். அதற்கு விலையாக இதைக் கொடுத்தீர்கள். ஏன் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்குப் பதில் சொல்லும் தைரியம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.


ஆகஸ்ட் 23

வாயாடிக்கு,

தைரியமா? என்னிடமா கேட்கிறாய்?

வேண்டுமென்றேதான் செய்தேன். எழுதி வைத்துக்கொள். நான் எழுதியதையே வைத்துக்கொள், இன்னும் நல்லது.

நீ தூங்குமூஞ்சி கேட்டாய். உனக்கு உன்னையே அனுப்பி வைத்தேன். எங்கே போனாலும் ஓயாமல் கத்தி, தானும் களைத்து, கூட இருந்தவர்களையும் ஓட்டாண்டியாக்கிவிட்டு, கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறதே, அது யார் என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். இவ்வளவு நாளாகும் என்று நினைக்கவில்லை.

என் மேசையில் முதல் நாள் உன்னிடம் என்ன சொன்னேன்? டியூப் மேல் எழுதியிருப்பது வதந்தி, உள்ளே இருப்பதுதான் சேதி என்றேன். பெற்ற தாய் கொடுத்தாலும் படித்துப் பார் என்றேன். நீ கையெழுத்தைப் பார்த்து மயங்கினாய். அதற்கு நான் பொறுப்பா? மாமியாரை நம்பின மருமகள் என்று உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய்.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போனை எடுத்துச் சொல். உன் பெண்ணுக்கு முட்டை கிடையாது, ஏனென்றால் மேடத்துக்கு அவசரம் என்று சொல்.

என் பையன் இப்போது வாசலைப் பார்ப்பதில்லை. சாப்பிடுகிறான், தூங்குகிறான், பள்ளிக்கூடம் போகிறான். அந்த வேலைக்கு நன்றி.

அத்தை


அக்டோபர் 2

அத்தைக்கு,

உங்கள் மகன் வந்திருந்தார். நான் அவருக்கு அப்படி ஒரு கடிதம் எழுதிய பிறகும் வந்தார். ரயிலில் முழுப் பகலும் உட்கார்ந்து வந்து, என் வீட்டு மாடிப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. படியிலேயே பேசினோம்.

“அம்மா உனக்கு எழுதினத பாத்தேன். நகல் மேசை மேலயே கெடந்துது. அதுல இருக்கறது எதுவும் உண்மையில்ல” என்றார். “அவங்க வேணும்னு பண்ணல. என்ன அனுப்பினாங்கன்னே அவங்களுக்குத் தெரியாது.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஃப்ரீசரில் வைக்க வேண்டிய டியூப்களை நீங்கள் சூட்டுப் பெட்டியில் வைத்து அழித்தது. வேறு இரண்டு ஆய்வுக்கூடங்கள் தப்பான பாகம் வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. அதை உங்கள் உதவியாளர் யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்தது. சாயங்காலம் ஆனால் அவரிடம், “உன் பொண்டாட்டி இன்னும் லேப்ல இருந்து வரலையாடா?” என்று கேட்பது. அவர் ஒவ்வொரு தடவையும், “வந்துட்டிருக்காம்மா” என்று சொல்வது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டாராம். மூளை சுருங்குகிறதாம்.

நான் உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மார்ச்சில் என் செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். ஏப்ரலில் அதே செருப்பைக் குப்பையில் போடப்போகிறீர்கள். அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. உங்களுக்கு மறதி வரும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆகஸ்டில் என் கடிதம் வந்தபோது உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, இல்லையா? தெரியவில்லை என்று சொல்வதைவிடச் சதிகாரி என்று பெயர் வாங்குவது மேல் என்று முடிவு செய்தீர்கள். மறந்துபோனேன் என்று ஒரு வார்த்தை எழுத முடியவில்லை.

அவர் கிளம்பும்போது கையைக் கூப்பினார். என் புருஷன் என்னைக் கும்பிட்டார். “அந்தக் கடிதத்த யார்கிட்டயும் காட்டாத. வேலைலருந்து அவங்களா நின்னுக்கறாங்கன்னு சொல்லிடறேன். மரியாதையா வீட்டுக்கு வரட்டும். அது மட்டும் போதும்” என்றார். சரி என்றேன்.

அது வியாழக்கிழமை. தொட்டி வீணானது பற்றி எங்கள் கம்பெனி வைத்த விசாரணை வெள்ளிக்கிழமை.

அங்கே உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன், அத்தை. “வேண்டுமென்றேதான் செய்தேன். எழுதி வைத்துக்கொள்” என்ற இடத்தில் நிறுத்தி, எல்லாருக்கும் காட்டினேன். கவனக்குறைவு என்றால் தப்பு என்னுடையது. சதி என்றால் உங்களுடையது. நீங்களே சதி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும்போது நான் எதற்கு மறுக்க வேண்டும்? உங்கள் நோய் எனக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன்.

திட்டம் மறுபடி என் கையில். உங்கள் நிறுவனத்துக்கும் நகல் போய்விட்டது. எங்கே அனுப்ப வேண்டும் என்று நான்தான் முகவரி சொன்னேன். மருத்துவமனை திரும்ப வருமா என்பது தெரியாது. அந்த அம்மா பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டாள், எண்ணும் மாறிவிட்டது.

தெரிந்தேதான் செய்தேன். எனக்கும் அதை எழுதிக் கொடுப்பதில் பயமில்லை. ஒரே வித்தியாசம், நான் எழுதுவது உண்மை.

மருமகள்


நவம்பர் 9

வாயாடி,

இதை எழுதக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். காலையில்தான் தலை தெளிவாக இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் மேசை விரிப்பு மாதிரி நழுவிப் போகிறது. முடியும்வரை எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி. ஆகஸ்டில் உன் கடிதம் வந்ததும் பாக அறைக்குப் போனேன். ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். உனக்கு என்ன எடுத்தேன், எந்தத் தட்டிலிருந்து எடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உறைபனி மட்டும்தான் தெரிந்தது. கதவு ரொம்ப நேரம் திறந்திருக்கிறது என்று மெஷின் கத்த ஆரம்பித்தது. மூடிவிட்டு வந்து உட்கார்ந்து உனக்கு எழுதினேன். சொன்னால் நம்ப மாட்டாய், அந்தக் கடிதத்தை எழுதிய அரைமணி நேரம்தான் இந்த வருஷத்தில் நான் நானாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் கூப்பிட்டதும் வந்து நின்றது.

சாவி வாங்க மூன்று பேர் வந்தார்கள். நிர்வாகி கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. சின்னப் பெண் ஒருத்தி, நான் ஏதோ விஷத்தைத் தடவி வைத்திருக்கிற மாதிரி, நான் தொட்ட பேனாவைக்கூடத் துணியால் பிடித்து எடுத்தாள். எல்லாரும் பயந்தார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இத்தனை வருஷம் ஆண்ட இடத்திலிருந்து பயப்பட வைத்துத்தான் வெளியே வந்தேன். ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அதை நீ செய்துகொடுத்தாய்.

வீட்டில்தான் முடியவில்லை. டாக்டர் என் முன்னால் குனிந்து உட்கார்ந்து, “இன்னிக்கு என்ன கெழமை, சொல்லுங்க பாக்கலாம்” என்கிறான். என் பையன் வயசுகூட இல்லை. சரியாகச் சொன்னால் கைதட்டுகிறான். உன் புருஷன் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டு வைக்கிறான். நான் குவளையைத் தட்டிவிட்டால், “பரவால்லம்மா” என்கிறான். திட்டினால் சிரிக்கிறான். நேற்று அவனை, உன் பொண்டாட்டியைக் காப்பாற்ற முடியாத பேடி என்றேன். “சரிம்மா, சூடா இருக்கும்போதே குடிங்க” என்றான். நான் என்ன சொன்னாலும் அது நோய் பேசுவதாகிவிட்டது. நான் பேசுவதாக ஒருத்தரும் எடுத்துக்கொள்வதில்லை.

நீ ஒருத்திதான் என்னிடம் வஞ்சம் வைத்துச் செய்தாய். தெரிந்தே செய்தாய். நோயாளிக்கு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். உன் அக்டோபர் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எழுந்ததும் எடுத்துப் படிக்கிறேன். படித்ததும் வயிறு எரிகிறது. எரிந்ததும் நான் யார் என்பது வந்துவிடுகிறது.

ஒரு உதவி கேட்கிறேன். நான் யாரிடமும் கேட்டதில்லை. எனக்கு எழுது. திட்டி எழுது. குழந்தை விஷயத்தில் உன் மனசில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையும் எழுது. அந்தக் கூட்டத்தில் சொன்ன வார்த்தைக்காக என்னைக் கிழித்துத் தொங்கவிடு. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொன்னபோதே தப்பென்று தெரியும், ஆனாலும் சொன்னேன். மாதம் ஒன்று போதும். புரிகிறவரைக்கும் படிக்கிறேன். புரியாமல் போன பிறகு நீ எழுத வேண்டாம்.

மத்தியானம் ஆகப்போகிறது. தபாலில் போடச் சொல்ல வேண்டும், அவன் உறையைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

அத்தை


டிசம்பர் 1

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதம் கிடைத்தது. அழகாக, தெளிவாக எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நடந்ததெல்லாம் உடம்பு செய்தது, நீங்கள் செய்ததில்லை. எப்போதோ சொன்ன வார்த்தைகளையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதே நோய் தொடங்கியிருக்கும் என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். ஆகவே பழையதை எதுவும் நினைத்து மனசை வருத்திக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலத்தில் கொஞ்ச தூரம் நடங்கள், ஆனால் தனியாக வேண்டாம். குளிர்காலம், காதை மூடிக்கொள்ளுங்கள். எழுதுவது சிரமமாக இருந்தால் எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. ஓய்வுதான் முக்கியம்.

உங்களுக்குப் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். எதுவும் புரியாவிட்டால் அவரிடம் கொடுத்து, மெதுவாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்